மாமாவின் அம்பாசிடரில் மங்கிய மீட்டர் வெளிச்சம்

செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் மலை ரோட்டில், புளியரை எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டும்போது சாரல் கனத்தது. இரவு எட்டரை மணி இருக்கும். ஹெட்லைட் நன்றாகத்தான் எரிந்தது. மீட்டர் போர்டு மட்டும் இருட்டாகக் கிடந்தது. முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா செல்போன் டார்ச்சை அடித்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, நாப்பதுலதான் போற" என்றார். டார்ச்சை அணைத்ததும் எனக்கு எதிரே இருந்த ரோடே ஒரு கணம் காணாமல் போனது.

பதினான்கு மாதம் டிங்கரிங், பெயின்ட், இஞ்சின், சீட் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி அது. முதல் ராத்திரிப் பயணத்திலேயே இப்படி. அந்த மங்கல் எங்கிருந்து வந்தது, எப்படிச் சரியானது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். பழைய வண்டியைப் புதுப்பிக்கிற பலரும் இதே இடத்தில் பல்பை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோகிறார்கள். நானும் முதல் இரண்டு வாரத்தை அப்படித்தான் கழித்தேன்.

வண்டி 1976-இல் வந்த அம்பாசிடர் மார்க் 3. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாகக் கொண்டு உத்தரபாராவில் கட்டிய வண்டி. 1489 சிசி பெட்ரோல் இஞ்சின், சார்ஜுக்கு டைனமோ. நம்பர் கே.எல்.க்யூ-வில் தொடங்கும், அதாவது கொல்லம் பதிவு. எங்கள் பக்கத்தில் இது ஆச்சரியமில்லை. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. பாதிச் சொந்தம் ஆரியங்காவிலும் புனலூரிலும் இருக்கும். மாமா மிளகு வாங்க வாரம் இரண்டு தடவை இந்த வண்டியில்தான் மலை ஏறி இறங்கினார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மாமா சொன்ன இரண்டு விஷயங்களை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று: "பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால இப்படி இல்லையே, நல்லாத் தெரிஞ்சுதே." இன்னொன்று: "லைட்டப் போட்டா பெட்ரோல் முள்ளு கொஞ்சம் நகருது பாத்தியா?" விடை முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்திலேயே இருந்தது.

பல்பில் தொடங்கினேன்

மீட்டர் பெட்டியைப் பின்னாலிருந்து அவிழ்த்தேன். உள்ளே வெளிச்சத்துக்கென்று நான்கு பல்பு. திருகிப் போடும் சின்ன வகை, 12 வோல்ட், 2.2 வாட். எடுத்துப் பார்த்தால் இரண்டின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. டங்ஸ்டன் இழை வருஷக்கணக்கில் ஆவியாகி கண்ணாடியில் படிவதால் வரும் கறுப்பு அது. பல்பு எரியும், ஆனால் வெளிச்சம் வெளியே வராது. மூன்றாவது சுமாராக இருந்தது. நான்காவதின் பித்தளைக் கழுத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் திருப்பிப் பார்த்தேன். 24 வோல்ட் என்று பொறித்திருந்தது.

லாரி பல்பு. புளியரை செக்போஸ்டை ஒட்டி ராத்திரியெல்லாம் லாரி நிற்கிற ஊர்ப் பக்கம் இது. எப்போதோ அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததை யாரோ போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே திருகு. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் கூடிக் குறைவதில்லை, ஏறத்தாழ வோல்டேஜின் 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்ப மாறும். பாதி வோல்டேஜ் கொடுத்தால் பாதி வெளிச்சம் வராது, பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த 24 வோல்ட் பல்பு எரிகிறது என்று பேருக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நான்கையும் மாற்றினேன். சற்று முன்னேற்றம். ஆனாலும் டயலில் 60-க்கு மேலே இருட்டுதான்.

அடுத்து எல்லோரும் செய்வதைச் செய்தேன். எல்இடி வாங்கிப் போட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொன்ன யோசனை அதுதான். போட்டவுடன் வெளிச்சம் வந்தது உண்மை. நீலம் கலந்த வெள்ளை. அது வந்த விதம்தான் சரியில்லை. இழை பல்பு சுற்றிலும் வெளிச்சம் வீசும். அது பெட்டியின் உள்சுவரில் பட்டுத் திரும்பி டயல் முழுக்கப் பரவ வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் அமைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய எல்இடி நேர் முன்னால் மட்டும் அடித்தது. டயலில் நான்கு இடத்தில் சுள்ளென்று வெள்ளைப் பொட்டு, நடுவில் எல்லாம் இருட்டு. முன்கண்ணாடியில் அதன் பிம்பம் வேறு விழுந்தது. மீட்டர் லைட்டைக் குறைக்கும் குமிழைத் திருகினால் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது சுருள் கம்பி ரெசிஸ்டர். கால் ஆம்பியர், அரை ஆம்பியர் ஓடினால்தான் அது வோல்டேஜைக் குறைக்கும். எல்இடி எடுப்பது அதில் ஒரு சிறு பங்கு, அதனால் குமிழ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மலை ரோட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. ஒரு நொடி பளீரென்று பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மாமாவின் டார்ச் எனக்குச் செய்ததும் அதுதான். மீட்டர் போர்டில் நமக்கு வேண்டியது நிறைய வெளிச்சம் இல்லை. டயல் முழுக்கச் சமமாகப் பரவிய, குறைக்க முடிகிற வெளிச்சம். எல்இடியைக் கழற்றிவிட்டேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மீட்டர் லைட்டுக்கு எல்இடி போடுகிறவர்கள் அதே கையோடு இக்னிஷனின் சிவப்பு எச்சரிக்கை பல்பையும் மாற்றிவிடக் கூடாது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டிகளில், அந்தச் சிவப்புப் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். அங்கே எல்இடி போட்டால் சார்ஜே ஏறாமல் போகலாம். இன்னும் பழைய மாரிஸ் வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதில் சாதாரண எல்இடி எரியவே எரியாது.

"பீப் சத்தத்த நம்பாதீங்க"

ஆரியங்காவில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். வீட்டில் மலையாளம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எல்லோருக்கும் அவர் ஆசான். வண்டியை அவரிடம் கொண்டுபோனபோது நான் பெருமையாகச் சொன்னேன்: "ஆசானே, எர்த் எல்லாம் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். பீப் சத்தம் நல்லா வருது." (எர்த் என்றால் கரண்ட் பாடித் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. அது துண்டிக்காமல் இருந்தால் மல்டிமீட்டர் பீப் அடிக்கும்.)

அவர் ஒன்றும் சொல்லாமல் இஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட்லைட்டைப் போட்டு ஐடிலிங்கில் விட்டார். அப்புறம் ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றச் சொன்னார். டைனமோ வண்டியில் ஐடிலிங்கில் கட்-அவுட், அதாவது டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் சுவிட்ச், திறந்தே இருக்கும். பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். ஆர்பிஎம் ஏறும்போது ஹெட்லைட் சற்றுப் பிரகாசமாகும். இங்கேயும் ஆனது. மீட்டர் போர்டு மட்டும் இரண்டு நிலையிலும் மங்கல்தான். "சார்ஜ் குத்தம் இல்ல தம்பி. இது மீட்டர் பெட்டிக்கு மட்டும் உள்ள நோவு" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பிடித்து லேசாக ஆட்டினார். மீட்டர் வெளிச்சம் கூடிக் குறைந்தது. ஆட்டினார், கூடியது. விட்டார், குறைந்தது.

"பாத்தீங்களா? எர்த் போக வேண்டிய வழி அடைச்சுக் கெடக்கு. அது கேபிள் வழியா கியர்பாக்ஸுக்கு எறங்கி ஓடுது."

இதுதான் கேஸின் நடுப்புள்ளி. அந்தக் காலத்து வண்டியில் மீட்டர் பெட்டிக்கு எர்த் ஒயர் என்று தனியாக இல்லை. பல்பு ஹோல்டர் பெட்டியின் தகரத்தைத் தொடும், பெட்டி டேஷ்போர்டுத் தகரத்தோடு திருகப்பட்டிருக்கும், டேஷ்போர்டு பாடியோடு சேர்ந்தது. தகரத்துக்குத் தகரம் தொட்டுக்கொண்டு நாற்பது வருஷம் வேலை செய்தது. நாங்கள் என்ன செய்தோம்? டேஷ்போர்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட் அடித்தோம். திருகு போகிற ஓட்டைக்குள்ளும், பெட்டி உட்காரும் விளிம்பிலும் வழவழவென்று பெயின்ட். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தோமோ அவ்வளவு நன்றாக எர்த்தை அடைத்திருந்தோம். மாமா முதல் நாளே சொன்னது இதைத்தான்.

பீப் சத்தம் ஏன் ஏமாற்றியது? மல்டிமீட்டர் அந்தச் சோதனைக்கு மிகச் சிறிய கரண்ட்தான் அனுப்பும். மூன்று ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். நான்கு பல்பும் எரியும்போது முக்கால் ஆம்பியருக்குக் கிட்டே கரண்ட் ஓடுகிறது. அந்த மூன்று ஓம் அதில் இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் பார்க்க வேண்டியது லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை. ஆசான் ஒரு நீள ஒயரை மல்டிமீட்டர் முனையில் கட்டி பானெட் வரைக்கும் இழுத்துவிட்டு, என்னையே படிக்கச் சொன்னார்.

இஞ்சின் நிறுத்தி, லைட் போட்ட நிலையில் பேட்டரியில் 12.2 வோல்ட். ஹோல்டரின் பின்பக்க முனைக்கும் பெட்டியின் தகரத்துக்கும் நடுவே, அதாவது பல்புக்கு உண்மையில் கிடைத்தது, 8.9. மூன்றே கால் வோல்ட்டுக்கு மேல் வழியில் காணோம். பெட்டித் தகரத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 1.9. எர்த் பக்கத்து இழப்பு மட்டும் அவ்வளவு. மிச்சம் 1.4 பாசிட்டிவ் பக்கம்: வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழில் அதை முழுதாகத் திறந்து வைத்திருந்தும் 0.8, லைட் சுவிட்சில் 0.3, ஃப்யூஸ் முனைகளில் 0.3.

12 வோல்ட் பல்புக்கு 8.9 கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வெளிச்சம் வரும். புதுப் பல்பு போட்டும் ஏன் பலன் இல்லை என்பது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்ரோல் முள் நகர்ந்ததற்கும் இதே காரணம்: கேஜும் அதே பெட்டியின் எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. லைட் போட்டால் முள் அசைகிறது என்றால் பல்பைத் தொடாமல் நேரே எர்த்தைத் தேடலாம்.

சரிசெய்த விதம்

டேஷ்போர்டின் புதுப் பெயின்டைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. மீட்டர் பெட்டியின் பின்பக்கத் திருகில் ஒரு லக் (ஒயர் முனையில் அடிக்கும் உலோக வளையம்) அடித்த கறுப்பு ஒயரை மாட்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணில் படாத ஒரு பாடி போல்ட்டுக்குக் கொண்டுபோனோம். அந்தப் போல்ட்டின் அடியில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளபளக்கும்வரை எடுத்தோம். லக், பல் வைத்த ஸ்டார் வாஷர், போல்ட். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். குற்றாலச் சாரல் மூன்று மாதம் விடாமல் பிடிக்கிற ஊரில் சுரண்டிய தகரத்தை அப்படியே விட்டால் அடுத்த வருஷம் அங்கே துருதான் இருக்கும். வாஸ்லினை இறுக்குவதற்கு முன்னால் தடவலாமா என்று கேட்டேன். "மொதல்ல தகரமும் தகரமும் பேசட்டும். அப்புறம் மூடலாம்" என்றார் ஆசான்.

ஹோல்டர் நான்கிலும் விளிம்புத் துருவைத் தேய்த்தோம். தளர்ந்திருந்த ஒன்றின் காதை இடுக்கியால் சற்று விரித்ததும் பெட்டியில் இறுகி உட்கார்ந்தது. குமிழின் சுருள் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருகியதிலேயே பாதி சரியாகிவிட்டது. ஃப்யூஸ் முனைகளையும் தேய்த்தோம். சுவிட்சைப் பிரிக்கவில்லை, முனைகளை மட்டும் சுத்தம் செய்து இறுக்கினோம்.

மறுபடி அளந்தோம். எர்த் பக்கம் 0.05. குமிழ் 0.15, ஃப்யூஸ் 0.1, சுவிட்ச் 0.2. பல்பில் 11.7. பழைய 8.9-ஓடு ஒப்பிட்டால் கணக்குப்படி இரண்டரை மடங்கு வெளிச்சம். புதிதாக வாங்கியது ஒரு முழ ஒயரும் ஒரு லக்கும்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டி கையில் இருந்தது, அதன் உள்பக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக அடித்திருந்த உள்சுவர், பல்புச் சூட்டில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் பெரும்பங்கு இந்தச் சுவரில் பட்டுத்தான் டயலுக்கு வர வேண்டும். சுவர் பழுப்பானால் அது விழுங்கிவிடும்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் நிமிர்த்தினேன். ஒரே மடிப்பை இரண்டு மூன்று தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். இயந்திரத்தையும் டயலையும் சேர்த்து வெளியே எடுத்து மூடி வைத்தேன். டயலில் ஒட்டியிருந்த தூசியை ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் தட்டினேன், அவ்வளவுதான். தின்னரோ பெட்ரோலோ பட்டால் அச்சிட்ட எண்கள் கரைந்துவிடும், தண்ணீரும் வேண்டாம். உள்சுவருக்கு உப்புத்தாள், துடைப்பு, அப்புறம் பளபளப்பில்லாத வெள்ளை எனாமல் இரண்டு கோட். பளபளப்பான வெள்ளை வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பல்பின் உருவமே கண்ணாடி போலத் தெரியும்; மங்கிய வெள்ளைதான் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பரப்பும். ஹோல்டர் உட்காரும் ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டினேன். அங்கே பெயின்ட் பட்டால் பழைய கதை மறுபடியும் ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். ஆடி மாதம், காற்றெல்லாம் ஈரம். மறுநாள் தொட்டுப் பார்த்ததும் காய்ந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டேன். இரண்டே நாளில் கண்ணாடியின் உள்பக்கம் பால் தெளித்தது போல மங்கியது. எனாமல் மேலே காய்ந்தாலும் உள்ளிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. மறுபடி பிரித்துக் கண்ணாடியைத் துடைத்து, பெட்டியை ஒரு வாரம் டேபிள் ஃபேன் காற்றில் வைத்த பிறகுதான் மூடினேன். வளையத்தின் மடிப்பில் ஒன்று அந்த இரண்டாம் தடவையில்தான் ஒடிந்தது. மீதி மடிப்புகள் தாங்குகின்றன, இருந்தாலும் பார்க்கும்போதெல்லாம் வருத்தம்தான்.

4 வாட் பல்பு போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று சிலர் சொன்னார்கள். இந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வண்ணப் பிளாஸ்டிக் வளையும், வெள்ளைச் சுவர் இன்னும் சீக்கிரம் பழுக்கும். 2.2 வாட்டே போதும்.

வேலைக்கு முன்பும் பின்பும் செல்போன் கேமராவை ஒரே செட்டிங்கில் நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து போட்டோ எடுத்திருந்தேன். கேமராவைத் தானாக விட்டால் இருட்டையும் வெளிச்சமாக்கிக் காட்டிவிடும், ஒப்பிட முடியாது. முதல் போட்டோவில் பல்புக்கு நேரே இருந்த எண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டாவதில் டயலின் ஓரம் வரைக்கும் கோடு கோடாகப் படிக்க முடிகிறது. பெட்ரோல் கேஜின் வலது மூலை மட்டும் இன்னும் சற்று இருட்டுதான். அந்தப் பக்கம் பல்பே கிடையாது. புதிதாக ஓட்டை போட்டு ஹோல்டர் வைக்க நான் தயாரில்லை.

ஆவணி பிறந்து சாரல் ஓய்ந்த ஒரு ராத்திரி மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை மாமா ஓட்டினார். புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு. தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண்ணறைப் பாலத்தை ஒட்டிப் போகும்போது எதிரே வண்டி ஒன்றுமில்லை, ரோட்டில் எங்கள் ஹெட்லைட் மட்டும்தான். மாமா இடது கையை நீட்டிக் குமிழைத் தேடிப் பிடித்து, மீட்டர் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார்.

"கண்ணுக்கு இதமா இருக்கு மாப்ளே" என்றார். முள் முப்பத்தைந்தில் நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்தே எனக்கு அது தெரிந்தது.